வீட்டில் பாடிப் பதிய எந்த மைக்? மழையும் சில்வண்டும் உள்ள ஊர்க்காரர்களுக்கு

குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், களியக்காவிளைப் பக்கம் யாராவது பாட்டுப் பதிய மைக் வாங்கப் போகிறேன் என்றால் அடுத்து வாயில் வரும் சொல் கண்டென்சர். யூடியூபில் பாடுகிற எல்லாருடைய முகத்துக்கு முன்னாலும் தடியான, வலை போட்ட அந்த மைக் தொங்குவதால் அதுதான் 'ஸ்டூடியோ மைக்' என்று முடிவாகிவிட்டது. அந்த வீடியோ எடுத்த அறையின் சுவரில் என்ன ஒட்டியிருக்கிறது, கதவு எவ்வளவு கனம், வெளியே மழை பெய்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. போன மாதம் பக்கத்து வீட்டுப் பையன் ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இது வாங்கினா குரல் நல்லா வருமா?" என்று கேட்டான். "எங்க வச்சுப் பாடுவ மக்கா?" என்றேன். "மாடியில, ஷீட் போட்ட ரூம்ல." அப்படியானால் அது வேண்டாம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த 'வேண்டாம்' ஏன் என்பதுதான்.

வாங்குவதற்கு முன்னால் பைசா செலவில்லாத ஒரு வேலை இருக்கிறது. நீங்கள் வழக்கமாக எந்த நேரத்தில், எந்த அறையில் பாடுவீர்களோ அதே நேரத்தில் அதே அறையில் ஃபோன் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடம் பேசாமல் இருங்கள். அப்புறம் இயர்போன் மாட்டி, சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். ஃபேன், ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டரின் ரீங்காரம், மெயின் ரோட்டில் கியர் மாற்றும் பஸ், எங்கோ ஒரு சர்ச்சிலோ கோயில் கொடையிலோ கட்டிய ஸ்பீக்கர் எல்லாம் வரிசையாக வரும். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீடு என்றால் ராத்திரி சில்வண்டுச் சத்தம் இழுத்துக் கட்டிய கம்பி மாதிரி முதலிலிருந்து கடைசிவரை ஓடிக்கொண்டிருக்கும். ஃபேன் சத்தத்தையாவது ஓரளவு பின்னால் சாஃப்ட்வேரில் குறைத்துக்கொள்ளலாம். சில்வண்டு அப்படியில்லை, நாம் 'ச', 'ஸ' சொல்லும் உயர்ந்த அலைவரிசையிலேயே அதுவும் உட்கார்ந்திருப்பதால் அதை வெட்டினால் குரலின் தெளிவும் கூடவே போய்விடும். இதோடு இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஒரு பக்கம், ஐப்பசி மழை இன்னொரு பக்கம் என்று வருஷத்தில் இரண்டு மழை நமக்கு. தகரமோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட கூரைக்கு அடியில் மழை விழும்போது எந்த மைக்கும் உதவாது, அன்றைக்குப் பாடம் செய்யலாம், பதிய முடியாது.

அதே அறையில் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கை தட்டுங்கள். தட்டின பிறகு 'ட்ரிங்' என்று ஒரு வால் கேட்டால் அது டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் தரும் எதிரொலி. மைக்கில் அது இன்னும் கூடத் தெரியும்.

சரி, இந்த இரண்டு சோதனையின் முடிவு தெரிந்த பிறகுதான் மைக் பேச்சு. நாம் வாங்கும் மைக் பெரும்பாலும் கண்டென்சர், டைனமிக் என்று இரண்டு வகை, உள்ளே என்ன வித்தியாசம் என்று கொஞ்சம் கீழே வருகிறது. 'கண்டென்சர் தூரத்துச் சத்தத்தை எல்லாம் இழுக்கும், டைனமிக் இழுக்காது' என்று கடைக்காரர்களே சொல்வார்கள். அது பாதி உண்மை. ஒரே வகைத் திசை அமைப்புள்ள, அதாவது எந்தப் பக்கத்துச் சத்தத்தை எடுக்கும் என்பதில் ஒரே மாதிரியான, இரண்டு மைக்கை ஒரே தூரத்தில் வைத்து, குரல் ஒரே அளவு வருமாறு சரிசெய்தால் இரண்டிலும் அறைச் சத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். வித்தியாசம் எங்கே வருகிறது என்றால் நாம் எவ்வளவு கிட்டே போய்ப் பாடுகிறோம் என்பதில். பெரிய டயஃப்ரம் (ஒலி பட்டு அசையும் சவ்வு) உள்ள கண்டென்சரை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பாடுவதுதான் வழக்கம். அதற்கு ஒட்டிப் பாடினால் 'ப'வுக்கெல்லாம் வெடிக்கும். மேடைக்கென்று செய்த டைனமிக்கோ உதடு தொடுகிற மாதிரி பாடவே செய்யப்பட்டது, வலைக்கு உள்ளே நுரை வைத்துத்தான் வரும். தூரம் பாதியானால் மைக்குக்கு வரும் குரல் கணக்குப்படி 6 டெசிபல் கூடும். 20 சென்டிமீட்டரில் இருந்து 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல். அறைச் சத்தம் அப்படியே இருக்க, உங்கள் குரல் மட்டும் அவ்வளவு மேலே ஏறுகிறது. இந்த 12 டெசிபலை எந்த விலையுயர்ந்த மைக்கும் தூரத்தில் வைத்தால் தராது. ஆக நாம் காசு கொடுத்து வாங்குவது கிட்டே போய்ப் பாடும் வசதியைத்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைனமிக்கில் சவ்வோடு ஒட்டிய ஒரு கம்பிச் சுருள் காந்தத்துக்கு நடுவில் அசைந்து மின்சாரம் உண்டாக்கும், வெளியிலிருந்து மின்சாரம் வேண்டாம். கண்டென்சரில் மிக மெல்லிய சவ்வும் அதற்குப் பின்னால் ஒரு தகடும், நடுவில் நூலிழை இடைவெளி. அதற்கு மின்சாரம் வேண்டும், ஆடியோ இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) 48 வோல்ட் என்று எழுதிய பட்டன் அதற்குத்தான், பாண்டம் பவர் என்பார்கள். சவ்வு லேசானது என்பதால் கண்டென்சர் நுணுக்கத்தை நன்றாகப் பிடிக்கும், மூச்சு, கமகத்தின் சின்ன வளைவு, ஜால்ராவின் ஜிலுஜிலுப்பு எல்லாம். சிக்னலும் பலமாக வரும். ஒரே அளவு ஒலிக்கு ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் 1.85 மில்லிவோல்ட் தந்தால் ஆடியோ டெக்னிகா ஏடி2020 என்ற கண்டென்சர் 14.1 மில்லிவோல்ட் தரும், ஏழு மடங்குக்கும் மேல். அதனால் டைனமிக்குக்கு இன்டர்ஃபேஸில் கெய்ன், அதாவது சிக்னலைக் கூட்டும் குமிழை, நிறையத் திருப்ப வேண்டியிருக்கும். இதை மறந்துவிட்டு 'மைக் சத்தமே வரலை' என்று திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

விளம்பரத்தில் 'செல்ஃப் நாய்ஸ்' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், மைக் தானாகப் போடும் இரைச்சல். ரோட் என்டி1 என்ற கண்டென்சருக்கு அது 4 டெசிபல், ஏடி2020க்கு 20. நாலு என்பது அபாரமான எண்தான், ஆனால் ஃபேன் சுற்றும் அறையில், ஜன்னலுக்கு வெளியே தவளை கத்தும்போது, அறையின் சத்தமே 30 டெசிபலுக்கு மேல்தான் இருக்கும். அந்த 4க்கும் 20க்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்கும் வாய்ப்பே உங்களுக்கு வராது.

பின் யாருக்குக் கண்டென்சர்? கான்கிரீட் தளத்துக்குக் கீழே உள்ள அறை, இரண்டு பக்கம் அலமாரியும் துணியும், அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பாட மனசு, ஃபேனை அணைத்துவிட்டு வியர்க்க வியர்க்கப் பாடும் பொறுமை, இத்தனையும் இருந்தால் தாராளமாக வாங்குங்கள். கர்னாடக சங்கீதம் பாடுகிறவர்கள், மெதுவாகத் தொடங்கி உச்சத்துக்குப் போகிறவர்கள், ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து தலையை ஆட்டிப் பாடுகிறவர்கள், இவர்களுக்கு அது கொடுக்கும் சுதந்திரம் டைனமிக்கில் கிடைக்காது. டைனமிக்கில் முகத்தைக் கொஞ்சம் திருப்பினாலும் குரல் நழுவிவிடும்.

மற்றவர்களுக்கு என் முதல் சிபாரிசு, யூஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் (மூன்று பின் உள்ள மைக் இணைப்பு) இரண்டுமே உள்ள டைனமிக் மைக். சாம்சன் க்யூ2யூ, ஆடியோ டெக்னிகா ஏடிஆர்2100எக்ஸ், மாவோனோ பிடி200எக்ஸ் எல்லாம் இந்த வகை. இப்போதைக்கு யூஎஸ்பியில் நேராக லேப்டாப்பிலோ, ஓடிஜி கேபிள் போட்டு ஃபோனிலோ சொருகிப் பாடலாம். நாளைக்கு இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதே மைக்கை எக்ஸ்எல்ஆரில் மாட்டிக்கொள்ளலாம், முதலில் போட்ட பைசா வீண் போகாது. மைக்கிலேயே ஹெட்போன் துளை இருக்கிறதா என்று பாருங்கள், அது ஏன் முக்கியம் என்று கீழே வருகிறது.

மேடையிலும் பாட வேண்டும், வீட்டிலும் பதிய வேண்டும் என்றால் எஸ்எம்58. 1966இல் வந்த மைக், இன்றுவரை மேடையில் மாற்றமில்லை. 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும் என்று பார்த்துவிட்டு முகம் சுளிக்காதீர்கள், குரலுக்கு அது போதும், சில்வண்டின் உச்சியைக் கொஞ்சம் விட்டுவிடுவதும் நமக்கு லாபம். கை கொஞ்சம் இறுக்கம் என்றால் பெரிங்கர் எக்ஸ்எம்8500, அந்த விலைக்கு அது செய்வது அதிகம். இவற்றுக்கு ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ மாதிரி ஒரு இன்டர்ஃபேஸ் வேண்டும். யூடியூபர்கள் வைத்திருக்கும் ஷூர் எஸ்எம்7பி மேல் ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதன் சிக்னல் எஸ்எம்58ஐ விடவும் பலவீனம், 60 டெசிபல் கெய்னாவது கேட்கும், மலிவு இன்டர்ஃபேஸில் மாட்டினால் குரலோடு 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் வரும். மைக்குக்குக் கொட்டிய பைசாவுக்கு மேல் சிக்னலைக் கூட்டும் இன்னொரு பெட்டிக்கும் கொட்ட வேண்டியிருக்கும்.

வேண்டாதவை. பிஎம்800 என்ற பெயரில் ஸ்டாண்டு, நுரை, வலை எல்லாம் சேர்த்து ஒரு செட்டாக விற்கிறார்களே, பார்க்கப் பெரிய கண்டென்சர், உள்ளே ஒலியைப் பிடிக்கும் பகுதி பெரும்பாலும் சின்ன எலக்ட்ரெட் கேப்ஸ்யூல்தான், அதை 3.5 மில்லிமீட்டர் பின் வழியாக லேப்டாப்பில் சொருகினால் இரைச்சல்தான் முதலில் கேட்கும். கையிலேயே ஸ்பீக்கரோடு வரும் ப்ளூடூத் கரோக்கே மைக் பிறந்தநாளுக்கு நல்லது, பதிவுக்கு இல்லை. சட்டையில் குத்தும் மைக், உதாரணமாக போயா பிஒய்-எம்1, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்கும் வகை. சமையல் வீடியோவுக்கும் பேச்சுக்கும் பிரமாதம், பாட்டுக்கு அறை முழுவதையும் சேர்த்துக் கொண்டுவந்துவிடும். ஊர்க் கோயிலிலோ சர்ச்சிலோ கிடக்கும் பழைய டைனமிக் மைக் கிடைத்தால் அதைத் தள்ளிவிட வேண்டாம். ஆனால் அதில் பி38 ஜாக் (கால் இஞ்சு தடிமனான ஒற்றைப் பின்) வைத்த கேபிள் இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரு முனையிலும் எக்ஸ்எல்ஆர் உள்ள கேபிள் வாங்குங்கள், பாதி ரீங்காரம் அங்கேயே போய்விடும்.

இனி பாடும் முறை, இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் நாலு விரல் தூரத்தில் வைத்து 'பப்பாளிப் பழம்' என்று சொல்லிப் பாருங்கள். கையில் காற்று எங்கே அடிக்கிறது என்று தெரியும். மைக்கை அந்த இடத்தில் வைக்கக் கூடாது. வாய்க்கு நேராக இல்லாமல் உதட்டோரத்துக்கு எதிரே, கொஞ்சம் சாய்வாக வைத்து, முனை உங்கள் வாயைப் பார்க்கும்படி திருப்புங்கள். காற்று பக்கத்தில் போய்விடும், குரல் வந்துவிடும். டைனமிக்குக்கு இரண்டிலிருந்து நாலு விரல் தூரம், கண்டென்சருக்கு ஒரு சாண், நடுவில் பாப் ஃபில்டர் என்னும் காற்றைத் தடுக்கும் வலை. பாப் ஃபில்டருக்குத் தனியாகச் செலவழிக்க மனமில்லை என்றால் எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்கை இழுத்து மாட்டினால் அதே வேலையைச் செய்யும்.

கிட்டே போகப் போகக் குரலின் அடிப்பகுதி தடிக்கும், ஒரு பக்கம் மட்டும் கேட்கும் எல்லா மைக்குக்கும் உள்ள குணம் இது. மெல்லிய குரல் உள்ளவர்கள் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், இரண்டு விரலுக்கு வந்து மெதுவாகப் பாடினால் குரலுக்கு ஒரு கனம் கிடைக்கும். ஏற்கெனவே கட்டைக் குரல் என்றால் நாலு விரலுக்குப் போங்கள், இன்டர்ஃபேஸிலோ சாஃப்ட்வேரிலோ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போடுங்கள், ஃபேனின் உறுமலும் அதில் கொஞ்சம் போகும். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது முகத்தைப் பின்னால் இழுப்பது மேடைப் பழக்கம், வீட்டிலும் அது சரிதான், ஆனால் ஒரு கை அளவு இழுத்தால் அந்த வரி மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும்.

அறையைச் சரிசெய்வதில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக்கின் முகம் உங்களைப் பார்க்கிறது, ஆக அதற்குத் தெரிவது உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவர். மெத்தையையோ கம்பளியையோ மைக்குக்குப் பின்னால் கட்டுவதை விட உங்களுக்குப் பின்னால் தொங்கவிடுங்கள். துணி நிறைந்த மர அலமாரியைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடினால் இன்னும் நல்லது. முட்டை அட்டையை ஒட்டுவதால் பலன் கிட்டத்தட்ட இல்லை, கரப்பான் பூச்சிக்கு வீடுதான். மைக்கின் முதுகை எதற்குக் காட்டுவது என்றால் சத்தம் வரும் ஜன்னலுக்கு. எஸ்எம்58 மாதிரி கார்டியாய்டு வகைக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். பீட்டா 58ஏ மாதிரி சூப்பர்கார்டியாய்டு என்றால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும், பின்பக்கத்தின் இரண்டு ஓரங்களில்தான் மந்தம், அதற்கு ஏற்றபடி திருப்ப வேண்டும்.

இது வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். குடமும் உடுக்கையும் ஜால்ராவும் பக்கத்தில் இருக்க, வீசுகோல் வில்லில் விழும் சத்தம் பாட்டை விட ஓங்கி வரும். முதன்மைப் பாடகருக்கு ஒரு டைனமிக், அதன் முதுகு குடத்தைப் பார்க்கும்படி. பின்பாட்டுக்காரர்களுக்கு இன்னொன்று போதும். குழு முழுவதுக்கும் நடுவில் ஒரு கண்டென்சரைத் தொங்கவிட்டால் மணியும் வில்லும்தான் பதிவாகும். சர்ச் பாடகர் குழு வேறு கதை, அங்கே குரல்கள் ஒன்றாகக் கலந்து வர வேண்டும், கட்டடத்தின் எதிரொலியும் கொஞ்சம் வேண்டும், அங்கே கண்டென்சர்தான் சரி.

ஹெட்போன் பற்றி. கரோக்கே டிராக்கைக் கேட்டுக்கொண்டே பாடும்போது காதை முழுவதும் மூடும் ஹெட்போன் போடுங்கள், இல்லாவிட்டால் டிராக் கசிந்து மைக்கில் ஏறும். ப்ளூடூத் கூடவே கூடாது, பாட்டு தாமதமாக வந்து தாளம் தப்பும். மைக்கிலோ இன்டர்ஃபேஸிலோ உள்ள ஹெட்போன் துளையில் மாட்டினால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி வராமல் உடனே காதுக்கு வரும். மேலே அந்தத் துளையைப் பார்க்கச் சொன்னது இதற்காக. பதிவை 24 பிட்டில், 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். உச்சத்தில் பாடும்போது மீட்டர் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் நடுவில் ஆடட்டும், சிவப்பைத் தொட்ட வரியைத் திருப்பிப் பாடுவதைத் தவிர வழியில்லை. சாஃப்ட்வேருக்கு ஆடாசிட்டி இலவசம், தொடங்க அது போதும்.

நம் ஊர் ஈரத்தைச் சொல்லாமல் விட முடியாது. கண்டென்சரின் சவ்வுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில் ஈரம் இறங்கினால் 'பொட்... பொட்...' என்று வெடிக்கும், காய்ந்ததும் சில நேரம் தானே சரியாகும். ஸ்டாண்டிலேயே மாட்டி வைத்துத் துண்டு போட்டு மூடினால் போதாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள், நிறம் மாறும் வகை என்றால் எப்போது காய வைக்க வேண்டும் என்று அதுவே காட்டும். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத் தூசி வலைக்குள் போகும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றும் சேர்வதால் டைனமிக்கின் வலைகூடத் துருப்பிடிக்கும். எஸ்எம்58இன் வலையைக் கழற்றி, நுரையோடு கழுவி, முழுவதும் காய்ந்த பிறகு மாட்டலாம், அதை எல்லாரும் செய்ய வேண்டும், வாய் வைத்துப் பாடும் சாதனம்.

வாங்கும் இடம் நாகர்கோவிலோ திருவனந்தபுரமோ ஆன்லைனோ, எஸ்எம்58இல் போலி நிறைய. உண்மையானது 298 கிராம், வீட்டுத் தராசில் வைத்துப் பாருங்கள், மிகக் குறைந்தால் சந்தேகப்படலாம். பாதி விலைக்குக் கொடுக்கிறேன் என்றால் எடை பார்க்கும் அவசியமே இல்லை. வந்த அன்றே திருப்பி அனுப்பும் கெடு முடியும் முன் சோதித்துவிடுங்கள்: கேபிளை மெதுவாக ஆட்டிக்கொண்டே ஒரு நிமிடம் பேசுங்கள், 'கரகர' வந்தால் கேபிளா மைக்கா என்று இன்னொரு கேபிள் போட்டுப் பாருங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் குற்றம் மைக்கில் இல்லை, பெரும்பாலும் எர்த் இல்லாத பிளக்கில். பேட்டரியில் ஓட்டிப் பதியுங்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் சாயங்காலம் இடி உறுமத் தொடங்கினால் பாட்டு பாதியில் இருந்தாலும் சேவ் செய்துவிட்டு இன்டர்ஃபேஸ், சார்ஜர் இரண்டையும் பிளக்கிலிருந்து உருவிவிடுங்கள்.